கோவிவன் என்றொரு நாய்

ஏழாம் நூற்றாண்டில் திருவண்ணாமலைப் பக்கம் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியும். கோவிவன். அதே காலத்தில் அதே மண்ணில் உழுது, மாடு மேய்த்து, செத்துப்போன மனிதர்களில் எத்தனை பேருடைய பெயர் மிச்சம் என்று பார்த்தால், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

எடுத்தனூர் நடுகல்லில் இருக்கிறது அந்தப் பெயர். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. வாணகோ அரசர் உறவில் வந்த பொற்றொக்கையாரிடம் இருந்த கருந்தேவக்கத்தி என்ற வீரன், எருமைகளுக்காக நடந்த சண்டையில் செத்துப்போனான். கல்லில் ஆயுதத்தோடு அவன் நிற்கிறான், பக்கத்தில் நாய். நாய்க்கென்று தனியாக ஒரு வாசகம்: கோவிவன் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது. அவ்வளவுதான்.

இதே மகேந்திரவர்மன்தான் செஞ்சிக்கு அந்தப் பக்கம் மண்டகப்பட்டில் ஒரு குடைவரையைச் செய்துவிட்டு, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திக்குக் கோயில் எடுத்தேன் என்று சமஸ்கிருதத்தில் எழுதிவைத்தவன். ராஜாவின் பெருமை அங்கே கிரந்தத்தில். இங்கே அவனுடைய ஆட்சியாண்டைப் போட்டுவிட்டு, வட்டெழுத்தில், பேச்சுக்குப் பக்கமான ஒரு தமிழில், எருமையும் நாயும். எனக்கு இரண்டாவது கல்வெட்டுதான் பிடிக்கும். மாமல்லபுரத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிற நாம், பல்லவர் காலத்துக் குடியானவன் எதற்காகச் செத்தான் என்று தெரிந்துகொள்ளப் போக வேண்டிய இடம் செங்கம்.

1972இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. அப்போது செங்கம் வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு வட்டம். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புதரிலும் கிடந்த கற்கள் அதன் மூலம் வரலாற்றுக்குள் வந்தன. சிங்கவிண்ணபருமர், மயிந்திரபருமர், நரைசிங்கபருமர் என்று பல்லவ மன்னர்களின் பெயர்களை ஊர்க்காரன் எப்படி உச்சரித்திருப்பான் என்பதே இந்தக் கற்களில்தான் தெரிகிறது. சாவுக்கான காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: தொறு. அதாவது மந்தை. மந்தையை ஓட்டிக்கொண்டு போகும்போது செத்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. வெட்சி, கரந்தை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியது, இங்கே ஆள் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் நிற்கிறது.

செங்கம் இன்னும் பழையது. மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கண்மா இதுதான் என்பார்கள். அந்தப் பாட்டே ஒரு வழிகாட்டிதான்: எந்தப் பாதையில் போனால் என்ன வரும், எங்கே வழுக்கும், எங்கே சோறு கிடைக்கும். பெயர் பொறித்து நட்ட கற்கள் நிற்கும் கிளைவழிகள் நிறைய வரும் என்றும் கூத்தருக்குச் சொல்லிவைக்கிறது.

வேலை நிமித்தம் இரண்டு வருடம் டப்ளினில் இருந்தேன். சனிக்கிழமையானால் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு கிராமப்புறம் சுற்றுவது அங்கே ஒரு பழக்கம். கெர்ரி பக்கம் ஆகம் கற்களைப் பார்த்தபோது எனக்குச் செங்கம்தான் ஞாபகம் வந்தது. கல்லின் விளிம்பில் கோடு கோடாக வெட்டி, பெரும்பாலும் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டிய எழுத்து. இன்னாருடைய மகன் இன்னாருடைய கல் என்ற அளவில் செய்தி. பல கற்கள் ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு. செங்கத்தின் பழைய கற்களுக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். அவர்களுடைய புகழ்பெற்ற பழங்கதையான ‘டாய்ன்’கூட ஒரு காளையைக் கவரக் கிளம்பிய படையின் கதை. யாரும் வெட்சிப்பூ சூடவில்லை, மற்றபடி நமக்குப் பழகிய சங்கதி.

அயர்லாந்து வயல்களில் வட்டமான பழைய மண்வரப்புகள் பல்லாயிரம் உண்டு. ஆதிகாலப் பண்ணைவீடுகளின் மிச்சம். ஊர்க்காரர்கள் அதை ‘ஃபேரி’க் கோட்டை என்பார்கள், நம்மூர் முனி மாதிரி ஒன்று குடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உழுதால் குடும்பத்துக்கு ஆகாது. சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பயம் அவற்றைக் காப்பாற்றிவிட்டது. 1999இல் கிளேர் மாவட்டத்தில், ஃபேரிகள் கூடும் முள்மரம் இது என்று கதைசொல்லி எடி லெனிஹன் எழுப்பிய எதிர்ப்பில், நெடுஞ்சாலைத் திட்டத்தையே மாற்றி மரத்தை விட்டுவைத்தார்கள்.

நம் பக்கம் அந்த வேலையைச் செய்வது வேடியப்பன். செங்கம், தண்டராம்பட்டு, ஊத்தங்கரை, தருமபுரி என்று இந்த வட்டாரம் முழுக்க நடுகல் வீரன் வேடியப்பன் ஆகிவிட்டான். கல்வெட்டில் இருக்கிற சொந்தப் பெயர் போய்விட்டது. ஆனால் கல் நிற்கிறது.

தண்டராம்பட்டுக்கு அந்தாண்டை ஒரு கொல்லையில் இப்படி ஒரு கல்லைப் பார்க்கப் போனேன். கடலைக்கொடி பிடுங்கிக்கொண்டிருந்த பெரியவர், “செருப்ப அங்கியே வுட்டுட்டு வா தம்பி” என்றார். கல்லுக்கு மஞ்சள், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு, அதற்கு மேல் வழவழவென்று எனாமல் பெயிண்ட். கையில் வில் இருப்பது தெரிந்தது.

“எழுத்து ஏதாவது இருந்துச்சுங்களா ஐயா?”

“கீறல் மாரி இருந்துச்சி. திருவிழாவுக்குப் பசங்க பெயிண்ட் அடிச்சிட்டாங்க.”

பக்கத்தில் இன்னொரு கல் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைப் பற்றிக் கேட்டேன்.

“அதுக்கு யாரு பொங்க வச்சாங்க? ஜேசிபி வந்தப்ப போய்ட்ச்சி.”

நடுகல்லின் இன்றைய சிக்கல் முழுவதும் இந்த இரண்டு பதிலில் இருக்கிறது. கும்பிட்டால் கல் பிழைக்கும், எழுத்து சாகும். கும்பிடாவிட்டால் எழுத்து சுத்தமாக இருக்கும், மனைப்பிரிவு போடும் வரை. அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனால் இரண்டும் பிழைக்கும். ஆனால் எந்த ஏரிக்கரையில், எந்த மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது என்பது போய்விடும். தொறுப்பூசலில் செத்தவனுக்கு அந்த நிலம்தான் பாதிச் செய்தி. பெயிண்ட் அடிக்கிற பையன்களைத் திட்டுகிற கட்டுரைகள் நிறைய வருகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1400 வருடம் தாண்டி அவனுக்குப் பொங்கல் வைப்பவர்களிடம், பெயிண்டுக்கு முன்னால் ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்பதுதான் மரியாதை. கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

இத்தனைக்கும் இந்தக் கற்கள் எட்டாத தூரத்தில் இல்லை. 14 கிலோமீட்டர் கிரிவலம் சுற்ற லட்சம் பேர் வருகிறார்கள். காணும் பொங்கலன்று சாத்தனூர் அணைப் பூங்காவில் நிற்க இடம் இருக்காது. 1958இல் முடிந்த 119 அடி அணை, முதலைப் பண்ணை, மீன் வறுவல். பூங்காவுக்குப் போகும் அந்த வட்டாரத்திலேயேதான் மோட்டூரின் கல்வட்டத்துக்குள் மனித உருவம் போல வெட்டிய பெருங்கற்காலப் பலகைக்கல்லும் நிற்கிறது.

அயர்லாந்து அரசு தன் தொல்சின்னங்களை எண் போட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணைய வரைபடத்தில் வைத்திருக்கிறது. மென்பொருள்காரனாக எனக்கு அது பொறாமை. ஆனால் அங்கே அனுமதியில்லாமல் உலோகம் தேடும் கருவியோடு பழம்பொருள் தேடினால் குற்றம். அந்தச் சட்டத்தை மதிக்கவும் செய்கிறார்கள். இங்கே பழைய கல் என்றாலே அடியில் புதையல் என்று கடப்பாரையோடு வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். கும்பிடாத கல்லின் இருப்பிடத்தைப் பொதுவில் போடலாமா என்று நண்பர்கள் நாங்கள் நாலு பேரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்போதைக்கு எங்களிடம் இருப்பது ஓர் அட்டவணை. ஊர், இருப்பிடம், கல்லின் அளவு, இருட்டிய பிறகு பக்கவாட்டில் டார்ச் அடித்து எடுத்த படம். அந்த வெளிச்சத்தில்தான் தேய்ந்த வட்டெழுத்து கொஞ்சம் எழும்பும். கடைசிப் பத்தியின் தலைப்பு ‘கும்பிடுகிறார்களா?’ அதில் ‘இல்லை’ என்று இருக்கிற ஊர்களுக்குத்தான் முதலில் வண்டியை எடுக்கிறோம்.