நகம் மஞ்சளாயிடுச்சா? பூஞ்சைதானா என்று வெட்டாமலே பார்க்க முடியுமா?

கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாக மாறிவிட்டது. தடித்தும் இருக்கிறது. நுனி வேறு உதிர்கிறது.

"பூஞ்சைதான். மருந்துக்கடையில ஒரு களிம்பு வாங்கிப் போடு" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

கொஞ்சம் பொறுங்க. மருத்துவரிடம் வரும் நகக் கோளாறுகளில் சுமார் பாதிக்குத்தான் பூஞ்சை காரணம்.

மீதிப் பாதி? சோரியாசிஸ், இறுக்கமான காலணி, காற்பந்து விளையாடும்போது திரும்பத் திரும்பப் படும் அடி என்று பல காரணங்கள் உண்டு. பார்வைக்கு எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான்.

தவறாகக் கணித்தால் என்ன ஆகும்?

கால் நகப் பூஞ்சைக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் மாத்திரை டெர்பினாஃபின். தினம் 250 மில்லிகிராம், 12 வாரங்களுக்கு. சிலருக்கு அது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள்.

பூஞ்சையே இல்லாதவர் அதை மூன்று மாதம் விழுங்குவது வீண். உண்மையான காரணமும் அதுவரை கவனிக்கப்படாமல் கிடக்கும்.

கால் நகம் முழுதாக வளர ஓர் ஆண்டுக்கு மேல் ஆகலாம். அதனால் மருந்து சரியா தவறா என்பதும் சீக்கிரம் தெரியாது.

வழக்கமாக எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நகத்தின் அடியிலிருந்து சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் ஆய்வுக்கூடத்தில் பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பார்கள். அதற்கு 4 வாரம்கூட ஆகலாம். சுரண்டிய இடத்தில் பூஞ்சை சிக்காவிட்டால், இருந்தும் "இல்லை" என்று முடிவு வரும். அது அபூர்வமும் இல்லை.

இந்த இடத்தில்தான் படம்பிடிக்கும் கருவிகள் கைகொடுக்கின்றன.

அவற்றில் எளிமையானது டெர்மோஸ்கோப். விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல தோல் மருத்துவர்களிடம் இருக்கும்.

நகம் சதையைவிட்டுப் பிரியும் எல்லையை அதில் பார்க்கிறார்கள். அடிபட்டுப் பிரிந்த நகம் என்றால் அந்த எல்லை நேர்கோடாக, வழவழப்பாக இருக்கும். பூஞ்சை என்றால் ரம்பப் பல் போல இருக்கும். அங்கிருந்து மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடுகள் உள்நோக்கி நீளும். வட துருவத்தில் இரவு வானில் தெரியும் ஒளித்திரையின் பெயரையே மருத்துவர்கள் அதற்கு வைத்துவிட்டார்கள். நோய்க்கு இவ்வளவு அழகான பெயரா என்று தோன்றும்!

அடுத்தது ஓசிடி ஸ்கேன். கண் மருத்துவர் விழித்திரையைப் படம்பிடிக்கப் பயன்படுத்துவாரே, அதே தொழில்நுட்பம். 1991இல் அமெரிக்காவில் அறிமுகமானது. அல்ட்ராசவுண்டில் ஒலி செய்யும் வேலையை இதில் ஒளி செய்கிறது. 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம்வரை தெரியும் என்பதால் நகத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போல அடுக்கடுக்காகத் தெரியும். வலி இல்லை, ஊசி இல்லை.

கான்ஃபோகல் நுண்ணோக்கி இன்னும் நுணுக்கமானது. லேசர் ஒளி நகத்தில் பட்டுத் திரும்பும்போது பூஞ்சை இழைகள் பளிச்சென்று வலைபோல் தெரியும். இழை தெரிந்தால் பூஞ்சை என்பது அநேகமாக உறுதி. ஆனா, தெரியாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அது அதிக ஆழம் போகாது.

செயற்கை நுண்ணறிவும் விடவில்லை. 2018இல் தென்கொரிய ஆய்வாளர்கள் சுமார் 49,500 நகப் படங்களைக் கொடுத்து ஒரு கணினிக் கட்டமைப்பைப் பழக்கினார்கள். பூஞ்சையைக் கண்டுபிடிப்பதில் அது தோல் மருத்துவர்களுக்கு ஈடுகொடுத்தது. சில சோதனைகளில் முந்தியது.

அப்படின்னா சுரண்டவே வேண்டாமா?

வேண்டும். எந்த வகைப் பூஞ்சை என்பதைப் படம் சொல்லாது. அது உயிரோடு இருக்கிறதா, மருந்தில் செத்துவிட்டதா என்பதையும் சொல்லாது. வகை மாறினால் மருந்தும் மாறலாம். கான்ஃபோகல் போன்ற கருவிகளின் விலையும் அதிகம். படத்தைப் படிக்கப் பயிற்சி பெற்றவரும் தேவை. எந்த இடத்தில் சுரண்டினால் பூஞ்சை சிக்கும் என்று காட்டுவதில்தான் இப்போதைக்குப் படத்தின் பெரிய உதவி இருக்கிறது.

நகத்தில் கறுப்புக் கோடு இருந்தால்?

நம்மைப் போன்ற கருமையான தோல் உள்ளவர்களுக்கு நகத்தில் பழுப்புக் கோடு இருப்பது சகஜம். பெரும்பாலும் ஆபத்தில்லை. சில பூஞ்சைகளாலும் நகம் கறுக்கும். ஆனா ஒரே விரலில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போகும் கோட்டை அலட்சியம் செய்யக்கூடாது. அது மெலனோமா எனும் புற்றுநோயாக இருக்கலாம்.

பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில்தான் அது வந்தது. 1977இல் தெரியவந்தது. 1981இல், 36 வயதில் காலமானார்.

நீரிழிவு உள்ளவர்களும் தள்ளிப்போடக் கூடாது. தடித்த நகம் குத்தி வரும் சின்னக் காயம்கூட அவர்களுக்குப் பெரிய புண்ணாகலாம். பாட்டி தாத்தா கால் நகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மருத்துவரிடம் போவதற்கு முன்னால் ஜெல், நகப்பூச்சு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பூச்சு இருந்தால் எந்தக் கருவியாலும் சரியாகப் பார்க்க முடியாது. கடையில் வாங்கிய களிம்பு ஏற்கனவே போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பரிசோதனை முடிவை அது மாற்றிவிடும்.