எலி பிடிக்கும் நாயும் எலி புகா நகரும்

பெங்களூருவின் அடுக்குமாடி வீடுகளில் ஜேக் ரஸ்ஸல், யார்க்‌ஷயர் முதலான சிறிய டெரியர் நாய்களை இன்று பலர் வளர்க்கின்றனர். அவற்றைப் பற்றி வழக்கமாகக் கூறப்படும் குறைகள் மூன்று: ஓயாமல் குரைக்கும், கண்ட இடத்தைத் தோண்டும், அழைத்தால் வராது. இவற்றைச் சொல்லியே சில நாய்கள் கைமாற்றப்படுகின்றன. சில தெருவிலும் விடப்படுகின்றன. ஆனால் இம்மூன்றும், ஒருகாலத்தில் மனிதர் அந்நாய்களிடம் தேடித் தேர்ந்தெடுத்த திறன்கள்.

பெயரிலேயே செய்தி இருக்கிறது. மண்ணைக் குறிக்கும் 'டெர்ரா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது 'டெரியர்'. வளைக்குள் புகும் நாய் என்பது பொருள். பின்னாளில் டெவன் பகுதிப் பாதிரியாரான ஜான் ரஸ்ஸல், 1819இல் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது 'டிரம்ப்' என்ற பெட்டை நாயை ஒரு பால்காரரிடம் வாங்கினார். அவர் பெயர் தாங்கிய இனத்தின் கால்வழி அதிலிருந்து தொடங்கியது என்பர். நரியின் வளைக்குள் நுழைந்து அதை வெளியே துரத்துவதே அந்நாய்களின் பணி. இருண்ட வளைக்குள் உரிமையாளரின் கட்டளை எட்டாது. ஆகவே தானே முடிவெடுக்கும் நாய் வேண்டியிருந்தது. மேலே நிற்போருக்கு இடத்தை அறிவிக்கக் குரைப்பும் வேண்டியிருந்தது. யார்க்‌ஷயர் டெரியரோ, 19ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் துணி ஆலைப் பகுதிகளில் எலி பிடிக்கவும் வளர்க்கப்பட்டது. ஓடும் சிற்றுயிரைக் கண்டதும் பாயும் இயல்பு இரண்டுக்கும் பொது.

எலியோடு பெங்களூருவுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1898இல் இந்நகரைப் பிளேக் தாக்கியது. அதே ஆண்டில் கராச்சியில் ஆய்வு செய்த பால் லூயி சிமோன், எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே அந்நோயைக் கடத்துகிறது என்றார். சில ஆண்டுகளுக்குப் பின் பம்பாயில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. எலி இறந்தால் தெள்ளுப்பூச்சி வேறு உடலைத் தேடும். எனவே எலியைக் கொல்வது மட்டும் போதாது; அது வீட்டுக்குள் வராமலே தடுக்க வேண்டும். 1910இல் கண்டோன்மென்ட் பகுதியில் தொடங்கப்பட்ட ஃபிரேசர் டவுன் இந்த எண்ணத்துடன் திட்டமிடப்பட்டது. அதன் பொறியாளர் ஜே. எச். ஸ்டீஃபன்ஸ், பிளேக் அணுகாத நகரமைப்பைப் பற்றி 1914இல் நூலொன்றும் வெளியிட்டார்.

ஆலைப் பகுதி மக்கள் நாயிடம் ஒப்படைத்த வேலையை இந்நகரம் தரையிடமும் சுவரிடமும் ஒப்படைத்தது. இங்கு வந்து சேர்ந்திருக்கும் டெரியருக்கு இன்று வளையும் இல்லை, நரியும் இல்லை. இயல்பு மட்டும் மாறவில்லை. அதை அடித்துத் திருத்த முயல்வது கொடுமை, பயனும் தராது. மணல் நிரப்பிய தொட்டியில் தோண்ட விடலாம். உணவை ஒளித்துவைத்து மோந்து தேடச் செய்யலாம். வேலியற்ற வெளியில் கயிற்றை அவிழ்க்காதிருக்கலாம். டெரியர் வாங்க எண்ணுவோர், அதன் சிறிய உருவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், அதன் முன்னோர் என்ன வேலை செய்தன என்பதை முதலில் கேட்டறியட்டும்.