பேராதனைப் பல்கலைக்கழகமும் அதன் அயலாரும்

இலங்கைப் பல்கலைக்கழகம் எங்கே அமைதல் வேண்டும் என்பது ஒரு காலத்தில் பெரும் விவாதத்துக்குரிய பொருளாயிருந்தது. கொழும்பே தக்கது என்றனர் ஒரு சாரார். மலைநாடே தக்கது என்றனர் மற்றொரு சாரார். 1928இல் கண்டியை அடுத்த தும்பறைப் பள்ளத்தாக்கிலுள்ள அருப்பொல விதந்துரைக்கப்பட்டது. 1938இல் அதுவும் கைவிடப்பட்டு, மகாவலி கங்கைக் கரையிலிருந்த புதிய பேராதனைத் தோட்டம் தெரிவாயிற்று. நிலப்பரப்பு, போக்குவரத்து வசதி, காலநிலை ஆகியவற்றைக் காரணமாகக் கூறினர். அயலில் வாழும் மக்களைப் பற்றிய பேச்சு அவற்றுள் இல்லை.

1942இல் பல்கலைக்கழகம் கொழும்பில் தோன்றியது. முதல் உபவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ் விடுதி வாழ்வோடு இணைந்த கல்வியையே இலட்சியமாகக் கொண்டார். 1952இல் கலைப்பீடம் பேராதனைக்கு வந்தபொழுது, மாணவர் உண்பதும் உறங்குவதும் கற்பதும் அங்கேயே நிகழ்ந்தன. போதனா மொழியோ ஆங்கிலம். அயற்கிராமத்தவர்க்கு அது வேறோர் உலகமாகவே தோன்றியிருக்கும். 1954 ஏப்ரலில் திறப்பு விழாவுக்கு வந்த எடின்பரோக் கோமகன், ஏற்கெனவே இயங்கிவந்த அந்நிலையம் வழக்கத்தினும் அதிகமாகத் திறந்திருப்பதாக வேடிக்கையாகக் குறிப்பிட்டார். மாணவர்க்குத் திறந்திருந்தது உண்மையே, அயலார்க்கு?

அயலாரை உள்ளே அழைத்தது தத்துவமன்று, பல்வலி எனலாம். அதே 1954இல் பல் வைத்தியக் கல்வி பேராதனைக்கு மாற்றப்பட்டது. நோயாளர் இன்றிப் பல் வைத்தியம் பயிலல் இயலாது. ஆதலின், பேராசிரியர்தம் மேற்பார்வையில் மாணவர் சிகிச்சை செய்ய, ஊரார் வந்து அமர்ந்தனர். ஒருவர்க்கு மற்றவர் தேவைப்பட்ட உறவு இது. தருமம் என்று இதனைக் கூறுதல் பொருந்தாது. 1962இல் மருத்துவபீடம் தோன்றியபின் கண்டி வைத்தியசாலையிலும் இவ்வுறவு தொடர்ந்தது.

மற்றொரு வாசல் அரங்கு. சரச்சந்திரரின் சிங்கள நாடகங்களும், 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேடையேற்றிய 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளும் கிராமியக் கலையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொணர்ந்தன. படிப்பறியாதோர் ஆட்டம் என இகழப்பட்ட கூத்தை, பட்டதாரி மாணவர் மட்டக்களப்பு அண்ணாவிமாரிடம் பணிந்து கற்றமை சிறிய செய்தியன்று.

1960இல் கலைத்துறையில் தமிழிலும் சிங்களத்திலும் போதனை தொடங்கிற்று. கிராமப் பாடசாலைப் பிள்ளைகள் வரத் தொடங்கினர். ஆயினும், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் அவருள் மிகச் சிலரே. தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களிலும் அதற்குப் பின்னருமே. தோட்ட நிலத்திலே எழுந்த பல்கலைக்கழகத்தை, மலையகத் தோட்டத்துப் பிள்ளை அதுவரை தூரத்தில் நின்றே கண்டது.