லாரியின் மூக்கு

சென்ற மாதம் ஒரு மாலை கெங்குவார்பட்டிப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலை இது. கொடைக்கானல் மலைப்பாதை பிரியுமிடம் அருகிலேயே இருப்பதால், மலையேறும் கார்களும் கீழிறங்கும் காய்கறி லாரிகளும் ஓயாமல் கடந்து செல்லும். உடன் நின்ற என் பழைய மாணவர் ஒருவர், எதிரே வந்து நின்ற புதிய காரைக் காட்டி, "ஐயா, இந்த வண்டிக்குக் கண்ணு எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்றார். பானெட்டுக்குக் கீழே புருவம் போல நீண்டிருந்த மெல்லிய விளக்கைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். அது பகலில் எரியும் அடையாள விளக்காம். இரவில் வழிகாட்டும் உண்மையான விளக்கு கீழே பம்பரில் பதுங்கியிருந்தது.

வண்டிக்கு முகம் உண்டு என்று நினைப்பது நமக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உமணரின் உப்பு வண்டியை உறுப்புறுப்பாக வருணிக்கிறார். சக்கரம், பார், கூரை, கோழி அடையும் கூடு, தொங்கும் சிறு உரல் என்று அடுக்கிக்கொண்டே வந்து, காடிக் கலம் கட்டிய முன்பகுதியை 'மூக்கு' என்றே குறிக்கிறார். மாட்டுவண்டியின் முன்பகுதியில் 'மூக்கணை' என்ற சொல் பின்னாளிலும் நிலைத்தது. ஆக, லாரி வருவதற்கு நெடுங்காலம் முன்பே நம் வண்டிகளுக்கு மூக்கு இருந்தது.

லாரியும் மூக்கோடுதான் வந்தது. டாடா நிறுவனம் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து 1954இல் ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. எஞ்சின் முன்னே நீண்ட மூக்குக்குள் இருக்கும். ஓட்டுநர் அதற்குப் பின்னே அமர்ந்திருப்பார். நெற்றியில் மூன்று முனை நட்சத்திரம். 1969இல் ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் போய் 'டி' என்னும் ஆங்கில எழுத்து வந்தது. டாட்ஜ், பார்கோ, பெட்போர்டு லாரிகளுக்கும் மூக்கு உண்டு.

பிறகு மூக்கு சிறுத்தது. நாளடைவில் தட்டையான முகம் நிலைத்தது. இதற்குக் காரணம் அழகுணர்ச்சியன்று, கணக்கு. வண்டியின் நீளத்துக்குச் சட்டத்தில் வரம்புண்டு. மூக்கை எடுத்துவிட்டால் அதே நீளத்தில் கூடுதல் சரக்கு ஏற்றலாம். 1916இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட நம் கொடைக்கானல் பாதை போன்ற மலைச்சாலைகளில், கொண்டை ஊசி வளைவை ஒடித்துத் திருப்புவதும் எளிது.

அந்தக் கணக்கின் மறுபக்கத்தை ஓட்டுநர் சுமந்தார். எஞ்சின் அவர் இருக்கைக்கு அருகிலேயே வந்துவிட்டது. அதன் வெப்பம் காலில் அடிக்கும். அதன் இரைச்சல் காதை அடைக்கும். ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "மூக்கு வச்ச வண்டி மோதுனா மொதல்ல மூக்கு போகும் சார். மொட்ட வண்டி மோதுனா மொதல்ல நம்ம முட்டிதான் போகும்." லாரியின் வடிவ வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை.

அக்காலத்தில் ஆலைகளிலிருந்து பெரும்பாலும் வெறும் சேசிஸ்தான் வெளியே வந்தது. கதவில்லை, கூரையில்லை. வெயிலிலும் மழையிலும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அதை ஓட்டிச் செல்வார்கள். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் உள்ள பட்டறைகளில் தச்சரும் கொல்லரும் கேபின் கட்டினார்கள். ஓவியர் குலதெய்வத்தின் பெயரையும் பிள்ளைகளின் பெயரையும் எழுதி, திருஷ்டிக்குப் பூதமுகமும் வரைந்தார். எதிரே வருபவரின் கண் கூசாதிருக்க முகப்பு விளக்கின் நடுவில் கறுப்புப் பொட்டு வைக்கும் வழக்கமும் இருந்தது. ஒரே ஆலையில் பிறந்த இரு லாரிகளுக்கு வேறுவேறு முகங்கள் வாய்த்தன.

1980களில் ஜப்பானியக் கூட்டில் வந்த ஐச்சர் மிட்சுபிஷி, சுவராஜ் மஸ்தா போன்ற சிறிய லாரிகள் ஆலையிலேயே செய்த எஃகுக் கேபினோடு வந்தன. பெரிய லாரிகளும் மெல்ல அவ்வழியே சென்றன. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம் என்று ஒன்றிய அரசு 2023 டிசம்பரில் அறிவித்தது. பட்டறைத் தச்சரின் கைவண்ணம் மறைவதை எண்ணும்போது எனக்கு ஏக்கம் உண்டு. ஆயினும் அந்த மரக் கேபின் எந்த மோதல் சோதனையையும் கண்டதில்லை. ஓட்டுநரின் முழங்காலை நினைக்கும்போது என் ஏக்கத்தை அடக்கிக்கொள்கிறேன்.

கார்களிடம் எனக்கு அந்தப் பரிவு வருவதில்லை. 1957 முதல் 2014 வரை உருவான அம்பாசடர், பெரும்பாலும் முன்வலையையும் விளக்கையும் மட்டுமே மாற்றிக்கொண்டு காலம் தள்ளியது. இன்றைய கார்களோ பிறக்கும்போதே சினந்த முகத்தோடு பிறக்கின்றன. பெரிய முன்வலை என்பது காற்று நுழைந்து ரேடியேட்டரைக் குளிர்விப்பதற்கான வாயில். அவ்வளவு காற்றுத் தேவைப்படாத மின்சாரக் கார்களிலும் அந்த வாயை மூடியபடி வரைந்து வைக்கிறார்கள். விளக்கைப் பம்பருக்கு இறக்கியதை நான் முற்றும் குறை சொல்லமாட்டேன். மலைப் பனிமூட்டத்தில் தாழ்ந்த ஒளி உதவும். ஆனால் சிறு மோதலிலும் முதலில் உடைவது அதுவே. முன்னால் மாட்டிக்கொள்ளும் இரும்புக் குழாய் மற்றொன்று. வீரத் தோற்றத்துக்காக மாட்டிய அது, நடந்து செல்பவருக்கு எமனாகும். காற்றுப்பையின் செயலையும் குழப்பும். அதனால்தான் 2017 டிசம்பரில் அதற்குத் தடை வந்தது.

ஒரு வண்டியின் வடிவத்தைப் பார்க்கும்போது அழகா இல்லையா என்பதோடு, அது யாருடைய உடலுக்கு நன்மை, யாருடைய உடலுக்குத் தீங்கு என்றும் கேட்கவேண்டும் எனக் கருதுகிறேன். மூக்கை இழந்த லாரி அந்தக் கேள்விக்கு விடை காண அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

பேருந்து ஏறிய பின் சன்னல் வழியே கவனித்தேன். எதிரே வந்தவற்றில் ஒரு விளக்கிலும் கறுப்புப் பொட்டைக் காணவில்லை. தேவதானப்பட்டி வரும்வரை என் கண் கூசிக்கொண்டே இருந்தது.