களரிக்குள் அடங்கிய போர்

ரொறன்ரோவில் வாழும் வாசகர் ஒருவர் அண்மையில் எனக்கு ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தார். அவருடைய மகன் வார இறுதிகளில் நண்பர்களோடு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு விளையாட்டு ஆடுகிறானாம். ஒருவன் வாள்வீரன், ஒருவன் மந்திரவாதி, ஒருத்தி வில்லாளி. ஒருவர் மட்டும் யாருடைய பக்கமும் சேராமல் கதையையும் சண்டையையும் நடத்துகிறார். பகடை உருள்கிறது. அரக்கன் வீழ்கிறான், அல்லது வீரன் வீழ்கிறான். 'வேடம் ஏற்று, முறை வைத்து, போர் நடத்தும் விளையாட்டு நம்மவரிடம் இருந்ததா?' என்று கேட்டிருந்தார்.

இருந்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, உன்னிச்சைக் குளத்தின் நீர் பாயும் வயல்வெளிக் கிராமங்களில் அது இன்றும் முற்றாக மறையவில்லை. அதைப் பற்றி எழுதுமுன், அந்த மேசை விளையாட்டு வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், நிலவரைபடத்தின் மேல் சிறு உலோகக் கட்டைகளைப் படைகளாக நகர்த்தும் போர்விளையாட்டு ஒன்றைத் தன் மேலதிகாரிகளுக்கு ஆடிக் காட்டினார். அதில் இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு நடுவர் இருந்தார். கட்டளைகள் அவரிடமே போகும்; பகடை உருட்டி இழப்பைக் கணக்கிட்டுச் சொல்பவரும் அவரே. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, தடித்த விதிநூலைக் குறைத்து நடுவரின் அனுபவத்தையே பெரிதும் நம்பலாம் என்றார். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின் 1974இல் அமெரிக்காவின் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். படைக்குப் பதிலாக ஆளுக்கொரு வீரன்; நாட்டுக்குப் பதிலாகக் கற்பனையுலகம். நடுவர் மட்டும் மாறவில்லை. யார் முதலில் தாக்குவது, அடி பட்டதா தவறியதா, வீரனுக்கு இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்பதையெல்லாம் ஒழுங்குபடுத்துபவர் அவரே.

இனி வாவிக்கரைக்கு வருவோம். மட்டக்களப்பார் தம் நிலத்தை இரண்டாகப் பிரித்தே பேசுவர். சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை. சூரியன் படும் மேற்குப் பக்கம் படுவான்கரை. வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக மேற்கே போனால் உன்னிச்சை. மாவட்டத்தின் பெருங்குளங்களில் ஒன்று அது. பெரும்போக அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்தால் இப்பக்கத்து ஊர்களில் கூத்துக்கான பேச்சுத் தொடங்கும்.

மட்டக்களப்புக் கூத்தில் வடமோடி, தென்மோடி என இரு வகைகள் உண்டு. வடமோடி பெரும்பாலும் போர்க்கதை. பாரதமும் இராமாயணமும் அதன் களஞ்சியம். அந்தப் போரை நடத்துபவர் அண்ணாவியார். ஊர்ப் பெரியவர்கள் கூடியிருக்க, குரலையும் உடற்கட்டையும் பார்த்து அவர் ஒவ்வொருவருக்கும் பாத்திரம் வழங்குவார். அதற்குச் 'சட்டம் கொடுத்தல்' என்று பெயர். பல மாதப் பயிற்சியின் நடுவே சதங்கை அணியும் சடங்கு. பின்னர் முழுக்கூத்தையும் ஆடிப் பார்க்கும் 'அடுக்குப் பார்த்தல்'. அதன் பின்னரே அரங்கேற்றம். பகலில் உழவனாக இருந்தவன் அந்த மாதங்களில் ஊராருக்குக் கர்ணனாகிவிடுவான். அந்தப் பெயராலேயே ஆயுள் முழுவதும் அழைக்கப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

களரி வட்டமானது. நடுவே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். சல்லரிக்காரரும் பிற்பாட்டுக்காரரும் ஏடு பார்ப்பவரும் அவருடன் நிற்பர். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். ஊரார் களரியைச் சுற்றி அமர்ந்திருப்பர். போர்க்கட்டம் வந்ததும் இரு வீரரும் உடனே பாய்ந்துவிடுவதில்லை. ஒருவன் தன் குலமும் வீரமும் சொல்லித் தரு பாடுவான். மற்றவன் கேட்டு நிற்பான். பின் அவன் முறை. சொல்லால் அடித்துத் தீர்ந்த பிறகே ஆயுதம். மத்தளம் துரிதமாகும், மரவாளும் வில்லும் தண்டாயுதமும் தாளத்துக்கு எழுந்து தாளத்துக்கே இறங்கும். ஒரு வீரன் களைத்துவிட்டான் என்று கண்டால் பிற்பாட்டை நீட்டி அவனுக்கு மூச்சு வாங்க இடம் கொடுப்பார் அண்ணாவியார். ஆவேசம் மிஞ்சினால் தாளத்தை இறக்கிவிடுவார். கரப்புடுப்பும் முடியும் அணிந்து விடியவிடிய ஆடும் இருவர் காயமின்றி வீடு போய்ச் சேருவது அவர் கையில்தான் இருந்தது.

இதே மண்ணில் இன்னொரு போரும் உண்டு. கண்ணகி வழிபாட்டோடு வந்த கொம்பு முறித்தல். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். வைரம் பாய்ந்த வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி இரு சேரியாரும் இழுப்பர். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றார். பிறகு வசைப்பாட்டு, வென்றவர் பாட, தோற்றவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மழை பொய்த்தாலும் கொள்ளை நோய் வந்தாலும் அம்மனின் சினம் தணிக்க இதை நடத்தினர். வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' இந்த வழக்கங்களை ஆவணப்படுத்திய முன்னோடி நூல்களில் ஒன்று. சிங்கள மக்களிடையே பத்தினி தெய்யோ வழிபாட்டில் இதுவே 'அங்கெலிய' என நிலவுகிறது. அங்கும் மேற்பக்கம், கீழ்ப்பக்கம் என ஊர் பிரியும்.

மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். மேசை விளையாட்டில் முடிவைப் பகடை சொல்கிறது. கூத்தில் ஏடு சொல்கிறது. கர்ணன் வீழ்வான் என்பது ஊருக்கே தெரியும். கொம்பு முறிப்பில் மரம் சொல்கிறது. எந்தக் கொம்பின் உள்ளே நலிவு இருக்கிறது என்பது முறியும்வரை யாருக்கும் தெரியாது. ஆனால் மூன்றிலும் எல்லை உண்டு, முறை உண்டு, இரு தரப்பும் ஏற்கும் தலைமை உண்டு. வீழ்ந்தவன் எழுந்து வீடு போவான் என்ற உறுதி உண்டு. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அது விளையாட்டு அல்ல.

அப்படியானால் முடிவு தெரிந்த போரை ஊர் ஏன் ஆண்டுதோறும் கண்விழித்துப் பார்த்தது? பாரதக் கூத்துகள் போரின் நாட்கணக்காலேயே பெயர் பெறுவதுண்டு. பதின்மூன்றாம் போர், பதினேழாம் போர், பதினெட்டாம் போர் என்பார்கள். பதின்மூன்றாம் நாளில் சக்கரவியூகத்துள் தனித்து நின்ற அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்றனர். பதினேழாம் நாளில் தேர்ச்சக்கரம் புதைந்து இறங்கி நின்ற கர்ணன் மேல் அம்பு பாய்ந்தது. பதினெட்டாம் நாளில் கதைப்போரின் விதியை மீறித் துரியோதனனின் தொடையில் அடி விழுந்தது. மூன்றும் போர்விதி மீறப்பட்ட நாட்கள். முதலாவதில் மீறியவர் கௌரவர். மற்ற இரண்டிலும் பாண்டவர். எந்தப் பக்கத்தையும் கூத்து விட்டுவைக்கவில்லை.

விதி தவறாமல் ஆடப்படும் ஒரு போரின் வழியாக, விதி தவறிய போரை ஊர் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியது. வென்றவனைவிட வீழ்ந்தவனுக்காகவே கண்ணீர் விட்டது. எவன் வென்றான் என்பதல்ல, எப்படி வென்றான் என்பதே அங்கு கேள்வி. எழுத்தறியாத ஒரு தாய்க்கும் போரின் அறம் பற்றி ஒரு கருத்து இருந்தது. அதை அவள் களரியோரம் அமர்ந்து கற்றுக்கொண்டாள்.

பின்னர் உண்மையான போர் வந்தது. வலையிறவுக்கும் வவுணதீவுக்கும் இடையில் சோதனைச்சாவடிகள் நிலத்தைப் பிரித்தன. இரவு நடமாட்டமே உயிருக்கு ஆபத்தாக இருந்த ஆண்டுகளில் விடியவிடியக் கூத்து எங்கே ஆடுவது? 2004 ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் ஒரே இயக்கத்தின் இரு பிரிவினர் மோதிக்கொண்டனர். பாரதத்தின் அண்ணன் தம்பிப் போரை ஆடிய மண்ணின் பிள்ளைகளுக்கு அது ஏட்டுக்கதையாக இருக்கவில்லை. 2007இன் தொடக்க மாதங்களில் வாவியின் மேற்கிலிருந்தும் மாவட்டத்தின் பிற பகுதிகளிலிருந்தும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு ஜூலை 11இல் குடும்பிமலை அரச படையினரிடம் வீழ்ந்தது. 18 வயது நிரம்பாத பிள்ளைகளும் ஆயுதம் ஏந்த வைக்கப்பட்ட போர் அது. அபிமன்யுவுக்கும் வயது 16 என்பார்கள். களரியின் அபிமன்யு விடிந்ததும் முகச்சாயம் கழுவினான். இந்தப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் திரும்பவில்லை.

அந்தப் போரில் நடுவர் இல்லை. பலர் சூழ்ந்து ஒருவரைக் கொல்லக் கூடாது, ஆயுதமற்றவர் மேல் பாயக் கூடாது என்று தாளத்தை இறக்க ஓர் அண்ணாவியார் இல்லை. விதிகள் மனிதாபிமானச் சட்டம் என்ற பெயரில் ஜெனீவா உடன்படிக்கைகளில் எழுதப்பட்டிருந்தன. இரு தரப்பும் ஏற்கும் தலைமைதான் இல்லை.

போர்க்காலத்தில் கூத்துச் சிதைந்ததே தவிரச் சாகவில்லை. அதற்கு முன்னரே ஒரு மீட்பு நடந்திருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றினார். மாணவராக அவற்றில் ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே ஆய்வுப் பொருளாகக் கொண்டார். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சி. ஜெயசங்கர், சீலாமுனை மக்களோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தில் ஈடுபட்டார். பழைய ஏட்டில் பெண்ணும் தாழ்த்தப்பட்டோரும் எப்படிப் பேசப்படுகின்றனர் என்று ஊராரே கேட்டுத் திருத்திக்கொள்ளும் முயற்சி அது. படுவான்கரையில் கன்னன்குடா போன்ற ஊர்கள் கூத்துக்கு இன்றும் பெயர் பெற்றவை.

பிள்ளைகள் போரை விளையாட்டாக ஆடுவது கண்டு, போரைக் கண்டு ஓடிவந்த பெற்றோர் அஞ்சுவது இயல்பு. நான் அஞ்ச மாட்டேன். எனக்கு ஒரு கவலைதான். அந்த மேசையில் நடுவராக இருப்பவர் முறை தவறாதவரா? வீழ்ந்தவனின் கதைக்கும் அங்கே இடம் உண்டா? இவை இரண்டும் இருந்தால், படுவான்கரை அண்ணாவியார் மத்தளம் கொட்டிக் கற்பித்த பாடத்தையே அந்தப் பிள்ளைகளும் வேறொரு மொழியில் கற்கிறார்கள் என்று கொள்ளலாம்.