சீனவெடிக்கு அனுமதி யாரிடம் கேட்பது?

 

பெருநாள் நெருங்குகிறது. வருஷா வருஷம் வருகிற வாதமும் கூடவே வந்துவிட்டது. "வருஷத்தில ஒருநாள்தானே, பிள்ளையள் கொளுத்தட்டும்" என்கிறது ஒரு பக்கம். "பொலிஸுக்குச் சொல்லி முற்றாத் தடை செய்யுங்க" என்கிறது மறுபக்கம். சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் நத்தாருக்கும் பக்கத்து ஊர்களிலும் இதே பேச்சுத்தான். கிரிக்கட்டில் வென்றாலும் வெடி, தேர்தலில் வென்றாலும் வெடி.

வெடிக்கும் ஊர்வலச் சத்தத்துக்கும் அனுமதி கேட்கும் வழக்கத்துக்கு நம் நாட்டில் 150 வருஷத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாறு தெரியாமல் நாம் இரண்டு கட்சியாக நின்று கத்துகிறோம். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பெயரிலிருந்து தொடங்குவோம். நாம் "சீனவெடி" என்கிறோம். அந்தப் பெயரிலேயே அதன் ஊர் இருக்கிறது. வெடிமருந்தைக் கண்டுபிடித்தவர்கள் சீனர்கள். கறுப்பு வெடிமருந்தில் சுமார் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். இதில் முக்கியமானது வெடியுப்பு. இடைக்கால அரபியர் அதைச் "சீனப் பனி" என்று அழைத்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹசன் அர்-ரம்மாஹ் என்ற அறிஞர், வெடியுப்பைச் சுத்திகரிக்கும் முறையை விளக்கமாக எழுதி வைத்தார். ஆக, இந்த விளையாட்டுப் பொருளின் பயணத்தில் முஸ்லிம் அறிஞர்களின் கையும் உண்டு. ஆனால் அவர்கள் எழுதியது பெரும்பாலும் போர்க்கலை பற்றி. வாணமும் பீரங்கியும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதை மறக்க வேண்டாம்.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். பிரித்தானியர் 1865ஆம் ஆண்டு 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான். வீதியில் மேளம், பறை அடிக்கவும், குதிரைகளை மிரளவைக்கக்கூடிய வாத்தியம் வாசிக்கவும், இராப்பொழுதில் குடியிருப்போரின் நிம்மதியைக் கெடுக்கும்படி சத்தம் போடவும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்று அது சொன்னது. குதிரை வண்டிக் காலத்துச் சட்டம் என்று சிரிக்கலாம். ஆனால் அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. தெரு எல்லாருக்கும் பொது. ஒருவருடைய கொண்டாட்டம் இன்னொருவருடைய வாசலைக் கடக்கும்போது யாராவது ஒருவர் நடுவில் நின்று கேட்க வேண்டும். அந்த இடத்தில் அரசு தன்னை வைத்துக்கொண்டது.

அரசு மட்டும் நடுவில் நின்றால் என்ன நடக்கும் என்பதை இந்த நாட்டு முஸ்லிம்கள் 1915இல் பார்த்தார்கள்.

கம்பளையில் வலஹாகொட தேவாலயத்தின் பெரஹரா அம்பகமுவ வீதி வழியாகப் போவது வழக்கம். அந்த வீதியில் இந்தியாவிலிருந்து வந்த கரையோர முஸ்லிம் வியாபாரிகளின் பள்ளிவாசல் எழுந்தது. பள்ளியைக் கடக்கும்போது மேளத்தை நிறுத்த வேண்டும் என்றார்கள். 1912இல் அதிகாரிகள் அதை அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாகவே போட்டார்கள். "எங்கள் சமயத்துக்கு 1815ஆம் ஆண்டு கண்டி ஒப்பந்தம் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது" என்று தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே வழக்குப் போட்டார். 1914 ஜூன் 4ஆம் திகதி கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரி 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. லண்டன் கோமறைக் கழகம் வரை போக ஆயத்தம் நடந்தது.

இந்தக் கசப்போடுதான் அந்த வருஷத்து வெசாக் வந்தது. மே 28ஆம் திகதி இரவு கண்டியில் பக்திப்பாடல் குழுக்கள் வீதியில் வந்தன. காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலை நள்ளிரவுக்குப் பிறகு, பள்ளி மூடியிருக்கும் நேரத்தில் கடக்க வேண்டும் என்பது அனுமதியின் ஏற்பாடு. ஆனால் குழு வந்த நேரத்தில் பள்ளியில் வெளிச்சமும் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். பொலிஸ் பாதையை மாற்றச் சொன்னது. கேலி, கூச்சல், கல். அங்கிருந்து மத்திய, வடமேல், மேல், தென், சப்ரகமுவ மாகாணங்களுக்குக் கலவரம் பரவியது. அரசாங்கக் கணக்கில் 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், 4,000க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் வந்தது. அதன் கீழ் எத்தனையோ சிங்களவர்களும் சுடப்பட்டார்கள். எட்வேர்ட் ஹென்றி பெட்ரிஸ் என்ற இளைஞருக்கு ஜூலை 7ஆம் திகதி மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது.

கலவரத்துக்குக் காரணம் மேளம் மட்டுமல்ல. வியாபாரப் போட்டி, யுத்தகால விலையேற்றம், வெளியார் மீதான வெறுப்பு எல்லாம் கீழே புகைந்துகொண்டிருந்தன. ஆனால் தீக்குச்சியாக அமைந்தது ஓர் அனுமதிப்பத்திரம். பேப்பர் இருந்தது, நேரம் குறித்திருந்தது, நிபந்தனையும் இருந்தது. பள்ளி நிர்வாகமும் ஊர்வலம் நடத்தியவர்களும் முகத்துக்கு முகம் உட்கார்ந்து பேசிய உடன்பாடு மட்டும் இருக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1956ஆம் ஆண்டு 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம் வந்தது. வெடி செய்வதற்கும், இறக்குவதற்கும், விற்பதற்கும் உரிமம் வேண்டும் என்றானது. நீர்கொழும்புப் பக்கத்தில் கிம்புலாபிட்டிய என்ற ஊர் முழுக்க இந்தத் தொழிலால் வாழ்கிறது. நம் கடைகளில் தொங்கும் சரங்களில் பல அங்கிருந்து வருபவைதான். பாதுகாப்பு அமைச்சின் கீழ் இந்தச் சட்டம் இருப்பதைக் கவனியுங்கள். பெட்டிக்கடையில் வாங்கும் ஒரு கட்டுச் சீனவெடியும் சட்டத்தின் கண்ணில் வெடிபொருளே.

இனி நம் வாவிக் கரை.

மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்கிறோம். ஒரு சத்தத்தினால் பெயர் பெற்ற நாடு இது. இரவில் தண்ணீருக்கு மேல் காற்று குளிர்ந்திருக்கும், அதற்கு மேலே சூடான காற்று நிற்கும். அப்போது ஒலி மேலே போய்த் தொலையாமல் கீழ்நோக்கி வளைந்து தூரத்துக்குப் போகும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் விஞ்ஞானம். எழுவான்கரையில் இரவு போடும் வெடி படுவான்கரையில் கேட்கிறது. படுவான்கரைக் கோயில் திருவிழா வாணம் நம் வீட்டு முற்றத்தில் கேட்கிறது. நமக்கு நடுவில் இருக்கும் தண்ணீர் எதையும் மறைப்பதில்லை.

அந்தத் தண்ணீருக்கு மேலால் கேட்ட சத்தங்களையும் நினைத்துப் பாருங்கள். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் காத்தான்குடி மீரா ஜும்ஆ, ஹுஸைனிய்யா பள்ளிவாசல்களில் கேட்ட சத்தம். ஒன்பது நாளில் ஏறாவூர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டான். 1991 ஜூன் 12ஆம் திகதி மகிழடித்தீவு. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி காலை மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில், சிறு பிள்ளைகள் நிறைந்திருந்த இடத்தில் கேட்ட சத்தம். சுட்டவர் வேறு, குண்டு வைத்தவர் வேறு. காதில் விழுந்த விதம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பாடசாலையில் வெடிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் சன்னலுக்கு ஓடுவார்கள், எங்கே வெடிக்கிறது என்று பார்க்க. என் வயதுக்காரர்கள் ஒரு நொடி அசையாமல் நிற்போம். எங்களுக்கு மூத்தவர்கள் வாசலைப் பார்ப்பார்கள். வெடி ஒன்றுதான். அதைக் கேட்கும் காதுகள்தான் வேறு வேறு. தலைப்பிறை இரவில் நாம் போடும் சரம், அடுத்த தெருவில் மகனை இழந்த தாயின் காதில் எப்படி விழுகிறது? சித்திரைப் புத்தாண்டு விடியலில் அவர்கள் போடும் சரம், பள்ளியில் வாப்பாவை இழந்தவரின் காதில் எப்படி விழுகிறது? இதை எந்தப் பொலிஸ் நிலையமும் அனுமதிப்பத்திரத்தில் எழுத முடியாது.

அப்படியானால் தடை செய்துவிடலாமா? தடைக்கும் வரலாறு உண்டு. வெடியைப் பெற்ற சீனாவிலேயே தலைநகர் பெய்ஜிங் 1993இல் நகருக்குள் வெடி கொளுத்தத் தடை போட்டது. மக்கள் களவாகக் கொளுத்தினார்கள். 12 வருஷத்துக்குப் பிறகு, 2005இல், தடையைத் தளர்த்தி நேரமும் இடமும் குறித்துக் கொடுத்தது.

கேரளாவின் பரவூர் புற்றிங்கல் கோயிலில் நடந்தது இன்னும் கொடுமை. இரண்டு குழுக்கள் போட்டி போட்டு வாணம் விடும் வழக்கம் அங்கே. கோயிலுக்குப் பக்கத்தில் வசித்த ஒரு மூதாட்டி, வெடிச் சிதறல்கள் தன் வீட்டில் விழுவதாகப் பல வருஷம் முறையிட்டு வந்தார். 2016இல் மாவட்ட நிர்வாகம் போட்டி வாணவேடிக்கைக்கு அனுமதி மறுத்தது. ஆனாலும் நடத்தினார்கள். ஏப்ரல் 10ஆம் திகதி அதிகாலை, வெடி அடுக்கி வைத்த கட்டடத்தில் பொறி விழுந்தது. 100க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அனுமதி மறுத்த பேப்பர் யாரையும் காப்பாற்றவில்லை. மூதாட்டியின் முறைப்பாட்டைக் கோயில்காரர்களே கேட்டிருந்தால் கதை வேறு.

தமிழ்நாட்டு அனுபவம் வேறு வகை. 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டும் என்றது. தமிழ்நாட்டில் வெடி போடுவது விடியற்காலையில் என்று அரசு போய்ச் சொன்னது. இரண்டு மணிநேரம்தான், எந்த நேரம் என்பதை நீங்களே தீர்மானியுங்கள் என்று நீதிமன்றம் இறங்கி வந்தது. காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று முடிவானது. அளவைச் சட்டம் சொன்னது, நேரத்தை அந்த மண்ணின் வழக்கம் சொன்னது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. வெலிகமையில் ஒரு ஜும்ஆப் பள்ளிவாசல் நிர்வாகத்தினர் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாகப் போட்ட அடிப்படை உரிமை வழக்கில், 2007 நவம்பர் 9ஆம் திகதி பிரதம நீதியரசர் சரத் என். சில்வா முக்கியமான உத்தரவுகளைக் கொடுத்தார். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, வளவுக்கு வெளியே கேட்கும்படி ஒலிபெருக்கி போட அனுமதி கொடுக்கக்கூடாது. விசேட சமய நிகழ்வு என்றால் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன் பொலிஸ் பொறுப்பதிகாரி பக்கத்து வளவில் வசிப்பவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும். உத்தரவு ஒலிபெருக்கி பற்றியது. அதன் உள்ளே இருக்கும் நியாயம் வெடிக்கும் பொருந்தும். 1865இல் அரசாங்கம் கொடுத்த அனுமதியில் 2007இல்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓர் இடம் கிடைத்தது.

நம் முன்னோருக்கு இது புதிதல்ல. மட்டக்களப்புத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது தாய்வழிக் குடிமுறை. அவர்கள் கோயிலுக்கு வண்ணக்கர், நம் பள்ளிக்கு மரைக்கார். ஊர் அலுவலைக் குடிகளின் சார்பில் பேசி முடிக்கும் பொறுப்பு அவர்களுடையது. அந்தப் பேச்சைத்தான் இன்றைக்குப் பள்ளி நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் தேவாலயங்களும் மீண்டும் தொடங்க வேண்டும்.

என்ன பேசலாம்? நான் நினைப்பது இவ்வளவுதான்.

1. பெருநாள், புத்தாண்டு, தீபாவளி, நத்தார் எல்லாவற்றுக்கும் ஒரே நேர அளவு. எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று வேண்டாம். 2024இல் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. அப்படியான வாரத்தில் இந்த ஒரே அளவு இரட்டிப்பாகத் தேவை.

2. வைத்தியசாலை, பாடசாலை, மையித்து வீடு, செத்த வீடு இருக்கும் தெருக்களில் வெடி இல்லை. வைத்தியசாலை, பாடசாலையைச் சுற்றி 100 மீற்றரை அமைதி வலயமாக 1996ஆம் ஆண்டு ஒலிக்கட்டுப்பாட்டு விதிகளே சொல்கின்றன.

3. பெரிய வாணவேடிக்கை என்றால் ஒழுங்கைக்குள் வேண்டாம். திறந்த மைதானம், பொலிஸ் அனுமதி, பழகிய கை, பக்கத்தில் தண்ணீர். ஆகப்பெரிய நிபந்தனை, இரு பக்க ஊருக்கும் முதல் நாளே அறிவித்தல். எதிர்பார்க்கிற சத்தம் அவ்வளவு பயமுறுத்தாது.

4. பிள்ளைகளின் காது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 140 டெசிபெலையும், சிறுவர்களுக்கு 120ஐயும் உச்ச எல்லையாகச் சொல்கிறது. காதுக்குப் பக்கத்தில் வெடிக்கும் சீனவெடி அதைத் தாண்டிவிடும்.

தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. பெருநாளின் சத்தம் தக்பீர். அதற்கு யாரிடமும் உரிமம் கேட்கத் தேவையில்லை, அது யாரையும் திடுக்கிட வைப்பதுமில்லை. சந்தோஷத்துக்குக் கொஞ்சம் மத்தாப்பும் பூவாணமும் கொளுத்துங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்டை வீட்டாரின் உரிமை பற்றி மிம்பரில் கேட்காத வருஷம் உங்களுக்கு உண்டா? அந்த அண்டை வீட்டார் எந்த மார்க்கம் என்று அங்கே பிரித்துச் சொன்னார்களா?

இந்த வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் உங்கள் மஹல்லா நிர்வாகத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பக்கத்து ஊர்க் கோயில்காரர்களோடு இதைப் பற்றிப் பேசினீர்களா? இதை வாசிக்கும் தமிழ்ச் சகோதரர்களும் உங்கள் ஆலய சபையிடம் இதே கேள்வியைக் கேளுங்கள். பிறை காண முதல் ஒரு தடவை உட்கார்ந்தால் போதும்.

வஸ்ஸலாம்.