கறுப்பர்கள் மேல் போட்ட பழி: தன்பாலினத் திருமணமும் அமெரிக்கக் கட்சிகளும்

1982-ஆம் ஆண்டு. நியூயார்க் நகரத்தில் எழுபது வயது கறுப்பினப் பெரியவர் ஒருவரின் வீட்டுக்கு ஒரு சமூகப் பணியாளர் வருகிறார். பெரியவர் ஒருவரைத் தத்தெடுக்க விண்ணப்பம் போட்டிருக்கிறார். அந்த வீடு ஒரு பிள்ளை வளர்வதற்கு ஏற்ற வீடுதானா என்று நேரில் பார்த்து அறிக்கை தர வேண்டும். ஆனால் தத்துப் பிள்ளைக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. மகனைத் துறக்கிறேன் என்று அவரைப் பெற்ற தாய் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

பெரியவர் பேயார்ட் ரஸ்டின். பிள்ளை, அவருடைய காதலர் வால்டர் நேகல். திருமணம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடமில்லை. மருத்துவமனையில் பக்கத்தில் நிற்கவும், இறந்த பிறகு வீடும் உடைமையும் போய்ச் சேரவும் ஏதோ ஓர் உறவு சட்டப்படி வேண்டும். கிடைத்த வழி தத்து ஒன்றுதான். நானும் சமூகப் பணியாளர்தான். வீட்டு விசாரணைக்குப் போய் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். அந்தப் பெண் தன் அறிக்கையில் என்ன எழுதியிருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன்.

ரஸ்டினை நம் தோழர்கள் பலருக்குப் பெயரளவில்கூடத் தெரியாது. 1963 ஆகஸ்ட் 28 அன்று மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைச் சொன்ன வாஷிங்டன் பேரணியைப் பேருந்து, கழிப்பறை, ஒலிபெருக்கி, சாப்பாட்டுப் பொட்டலம் வரை திட்டமிட்டு நடத்திக் காட்டியவர் அவர்தான்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், அண்மையில் ஒரு வாசிப்பு வட்டத்தில் தன்பாலினத் திருமணம் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு தம்பி எழுந்து, "அக்கா, நமக்கு நிலம் இல்ல, சுடுகாட்டுக்குப் பாதை இல்ல. இது வசதியானவங்க பிரச்சினை. நாம ஏன் தலையைக் கொடுக்கணும்?" என்றார். பின்வரிசையில் இருந்த ஒரு தங்கை நேர் எதிராகச் சொன்னார்: "நம்ம சனங்கதான் இதுல ரொம்பப் பிற்போக்கு. நம்மாலதான் கெட்டுப்போகுது." இந்த இரண்டு பேச்சுக்கும் அமெரிக்காவில் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டையும் கட்சிகள் காசாக்கியிருக்கின்றன.

முதலில் ரஸ்டினின் கதையையே முடித்துவிடுவோம். 1953-இல் கலிபோர்னியாவின் பாசடினாவில் ஆண்களோடு இருந்ததற்காகக் கைதாகிச் சிறைக்குப் போனார். அதன்பின் அந்த வழக்கு அவர் கழுத்தில் கட்டிய கல். 1960-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டின் வாசலில் கிங்கும் ரஸ்டினும் போராட்டம் நடத்தத் திட்டமிட்டார்கள். அதைக் கைவிடாவிட்டால் கிங்குக்கும் ரஸ்டினுக்கும் இடையே தகாத உறவு என்று கதை கட்டிவிடுவேன் என மிரட்டல் வந்தது. மிரட்டியவர் வெள்ளை இனவெறியர் அல்ல. ஹார்லெம் தொகுதியின் கறுப்பின உறுப்பினர், ஜனநாயகக் கட்சியின் ஆடம் கிளேட்டன் பவல். கட்சி மாநாட்டுக்கு இடைஞ்சல் வரக்கூடாது, அவ்வளவுதான். ரஸ்டின் விலகினார், கிங் தடுக்கவில்லை. மூன்று வருடம் கழித்து, பேரணிக்குச் சில நாட்கள் முன்பு, இனப்பிரிவினையைத் தூக்கிப்பிடித்த செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் அதே பழைய வழக்கை எடுத்து அவையில் வாசித்தார். இந்த முறை இயக்கம் ரஸ்டினைக் கைவிடவில்லை.

1993-க்கு வருவோம். தன்பாலினத்தவருக்குத் திருமண உரிமையை மறுப்பது மாநில அரசியல் சாசனத்துக்கு முரணாக இருக்கலாம் என்று ஹவாய் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு ஜோடிக்குக்கூடத் திருமணம் நடக்கவில்லை. அதற்குள் 1996 தேர்தல் வந்துவிட்டது. குடியரசுக் கட்சி 'திருமணப் பாதுகாப்புச் சட்டம்' கொண்டுவந்தது: திருமணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டுமே, வேறு மாதிரியான திருமணத்தை மத்திய அரசு அங்கீகரிக்காது. ஜனநாயகக் கட்சி என்ன செய்தது? பிரதிநிதிகள் சபையில் 342-க்கு 67, செனட்டில் 85-க்கு 14 என்று மசோதா நிறைவேறியது. பின்னாளில் அதிபரான பைடனின் ஓட்டும் அந்த 85-இல் இருக்கிறது. கிளிண்டன் நள்ளிரவு தாண்டி, கேமரா இல்லாத நேரத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனால் அடுத்த மாதமே கிறித்தவ வானொலிகளில் அந்தக் கையெழுத்தைப் பெருமையாகச் சொல்லி விளம்பரம் செய்தது அவருடைய பிரச்சாரக் குழு.

எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் யார் என்று பாருங்கள். அன்று செனட்டில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் கரோல் மோஸ்லி பிரான். சபையில் எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர், செல்மா பாலத்தில் போலீஸ் அடியில் மண்டை உடைந்த ஜான் லூயிஸ். நிறம் பார்த்து மறுக்கப்பட்ட திருமணங்களை அவர் நினைவுபடுத்தினார். இதில் வியக்க ஒன்றுமில்லை. யாரை யார் மணக்கலாம் என்று அரசாங்கம் சொல்வதன் வலி கறுப்பின மக்களுக்குத் தெரியும். கறுப்பினப் பெண்ணான மில்ட்ரெட்டும் வெள்ளையரான ரிச்சர்ட் லவிங்கும் 1958-இல் மணந்ததற்காக வர்ஜீனியாவில் இரவு நேரத்தில் படுக்கையறையிலேயே கைதானார்கள். ஊரைவிட்டு 25 ஆண்டுகள் விலகியிருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. 1967-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்களை ஒழித்தது. அப்போதும் 16 மாநிலங்களில் தடை இருந்தது. மறுவருடம் காலப் நிறுவனம் கேட்டபோது கலப்புத் திருமணத்தை ஆதரித்தவர்கள் நூற்றுக்கு 20 பேர்தான். அலபாமா தன் சாசனத்திலிருந்து அந்தத் தடையை நீக்கியது 2000-இல். அந்த வாக்கெடுப்பிலும் நூற்றுக்கு நாற்பது பேர் தடை இருக்கட்டும் என்றார்கள். மக்களிடம் ஓட்டுக்கு விட்டிருந்தால் எப்போது கிடைத்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2004-இல் இது முழுநேரத் தேர்தல் ஆயுதம் ஆனது. அந்த மே 17 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில் முதல் தன்பாலினத் திருமணங்கள் நடந்தன. அதிபர் புஷ் நாட்டின் அரசியல் சாசனத்திலேயே தடையைச் சேர்க்க வேண்டும் என்றார். அதிபர் தேர்தல் நடந்த அதே நாளில் 11 மாநிலங்களில் தடைக்கு வாக்கெடுப்பு; பதினொன்றிலும் நிறைவேறியது. புஷ்ஷின் பிரச்சார மேலாளராக இருந்த கென் மெல்மன் 2010-இல், தானே ஒரு தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லி வருத்தமும் தெரிவித்தார். படித்தபோது எனக்குக் கோபம் வந்ததா இரக்கம் வந்ததா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

இனி கலிபோர்னியா. 2008 மே மாதம் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்தது. தீர்ப்புக்கு அது துணைக்கு எடுத்துக்கொண்டது, நிறம் கடந்த திருமணத்தை அதே நீதிமன்றம் 1948-இல் அனுமதித்த பெரஸ் வழக்கை. நவம்பர் 4 அன்று 'முன்மொழிவு 8' என்ற வாக்கெடுப்பின் மூலம் அந்த உரிமை பறிக்கப்பட்டது. அதே இரவில்தான் ஒபாமா வென்றார்.

மறுநாள் காலை ஒரு எண் நாடு முழுக்கச் சுற்றியது. வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பின்படி கறுப்பின வாக்காளர்களில் 70 சதவீதம் பேர் தடையை ஆதரித்தார்கள். அவ்வளவுதான். "ஒபாமாவுக்கு ஓட்டுப் போட வந்த கூட்டம் எங்கள் திருமணத்தைக் கெடுத்துவிட்டது" என்று முற்போக்கு வெள்ளையர்களே எழுதினார்கள். கண்டனக் கூட்டங்களுக்குப் போன கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்கள் அங்கேயே இனவெறி வசவு கேட்க நேர்ந்தது என்று எழுதினார்கள்.

கணக்கைப் பார்ப்போம். தடைக்கு ஆதரவு 70 லட்சம், எதிர்ப்பு 64 லட்சம். வித்தியாசம் 6 லட்சம். அந்தக் கணிப்பே சரி என்று வைத்துக்கொண்டால், வாக்காளர்களில் கறுப்பினத்தவர் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 13.4 லட்சம். அதில் 70 சதவீதம் ஆதரவு, 30 சதவீதம் எதிர்ப்பு என்றால் அவர்களால் தடைக்குக் கிடைத்த கூடுதல் 5.4 லட்சம்கூட இல்லை. ஒரு கறுப்பினத்தவர்கூட அன்று வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்திருந்தாலும் தடை வென்றிருக்கும். அந்த 70 என்பதும் தவறான எண். பேட்ரிக் ஈகன், கென்னத் ஷெரில் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் 2009 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில் அது 57 முதல் 59 சதவீதம் வரை என்று வந்தது. அதிலும் நிறத்தைவிட வாரந்தோறும் தேவாலயம் போகிற பழக்கம், கட்சிச் சார்பு, வயது ஆகியவைதான் ஓட்டைத் தீர்மானித்திருந்தன. தடைக்காகப் பணத்தையும் ஆட்களையும் கொட்டியவர்களில் மோர்மன் திருச்சபையினர் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். அதையும் கண்டித்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளையர் மதத்தால் ஓட்டுப் போட்டார்கள், கறுப்பர் நிறத்தால் ஓட்டுப் போட்டார்கள் என்றுதான் அந்தக் கதை சொல்லப்பட்டது. ஆதிக்கசாதிக்காரர் செய்தால் தனிமனிதர் தவறு, சேரிக்காரர் செய்தால் சேரியின் குணம். நமக்குப் பழகிய கணக்கு.

ஒபாமாவின் பங்கையும் சொல்லியாக வேண்டும். 1996-இல் மாநில செனட்டுக்கு நின்றபோது ஒரு பத்திரிகையின் கேள்விப் பட்டியலில் தன்பாலினத் திருமணத்தை ஆதரிப்பதாக எழுதிக் கொடுத்தவர் அவர். 2008-இல் திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையேதான் என்றார். முன்மொழிவு 8-ஐ அவர் எதிர்த்தார் என்பது உண்மை. ஆனாலும் தடைக்காரர்கள் அவருடைய அந்தப் பேச்சையே பிரசுரத்தில் அச்சிட்டுக் கறுப்பின வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவருடைய ஆலோசகர் டேவிட் ஆக்சல்ராட் 2015-இல் தன் புத்தகத்தில் உள்ளதை உடைத்தார்: ஒபாமா மனதுக்குள் ஆதரவாகத்தான் இருந்தார், கறுப்பினத் தேவாலயங்களின் எதிர்ப்பைக் கருதித் தாங்கள்தான் மறைக்கச் சொன்னோம் என்று. ஆக, தலைவர் தேவாலயத்துக்குப் பயந்து மக்களிடம் பேசவில்லை. தலைவரே பேசாததை மக்கள் ஏற்கவில்லை. பழி மக்கள் மேல்.

இதைவிட அப்பட்டமான ஆதாரம் 2012 மார்ச்சில் வந்தது. தன்பாலினத் திருமணத்தை எதிர்க்கும் 'திருமணத்துக்கான தேசிய அமைப்பு' என்ற குழுவின் உள்ளறிக்கைகள், மெய்ன் மாநிலத்தில் நடந்த வழக்கு ஒன்றின் மூலம் வெளியாயின. தன்பாலீர்ப்பாளர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் இடையே ஆப்பு அடிப்பதுதான் திட்டம். இரண்டு தரப்பும் ஜனநாயகக் கட்சியின் முக்கிய ஆதரவாளர்கள் என்பதால் பிளவு லாபம் என்று அதில் எழுதியே வைத்திருந்தார்கள். கறுப்பினப் பேச்சாளர்களைத் தேடிப் பிடித்து முன்னால் நிறுத்துவதும் திட்டத்தில் இருந்தது. நாம் 'சூழ்ச்சி' என்று சொன்னால் சிரிப்பார்கள். இது தட்டச்சு செய்து கோப்பில் வைத்திருந்த சூழ்ச்சி.

அந்த ஆப்பு முழுதாக இறங்கவில்லை. மே 9 அன்று ஒபாமா தன் ஆதரவைச் சொன்னார். அதுவும் மூன்று நாள் முன்பு பைடன் தொலைக்காட்சியில் முந்திக்கொண்டு பேசிவிட்ட பிறகு. பத்து நாளில், நாட்டின் மிகப் பழைய கறுப்பின உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. ஆதரவுத் தீர்மானம் போட்டது. நவம்பரில் மேரிலாந்து மாநிலத்தில் வாக்கெடுப்பு. மக்கள்தொகையில் சுமார் முப்பது சதவீதம் கறுப்பினத்தவர் உள்ள மாநிலம் அது. டெல்மன் கோட்ஸ் என்ற கறுப்பின பாப்டிஸ்ட் போதகர் வெளிப்படையாக ஆதரித்துப் பிரச்சாரம் செய்தார். எதிர்த்த போதகர்களும் இருந்தார்கள். 52.4 சதவீதத்தோடு திருமண உரிமை வென்றது. அங்கே யாரும் கறுப்பின மக்களுக்குப் பாடம் எடுக்கப் போகவில்லை. அந்த மக்களுக்குள் இருந்தவர்களே பேசினார்கள்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 2015 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் நாடு முழுக்க உரிமை தந்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி கென்னடி, குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் நியமித்தவர். 2022-இல் கருக்கலைப்பு உரிமை பறிபோனபோது, இந்தத் தீர்ப்பையும் மறுபரிசீலிக்க வேண்டும் என்று எழுதினார் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். அவர் கறுப்பினத்தவர், மனைவி வெள்ளையர். லவிங் தீர்ப்பை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை! அந்தப் பயத்தில் அதே டிசம்பரில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் போட்டது. நிறம் கடந்த திருமணம், தன்பாலினத் திருமணம் இரண்டையும் ஒரே சட்டம் காக்கிறது. பைடன் கையெழுத்துப் போட்டார். 1996-இல் எதிர்ப்பக்கம் ஓட்டுப் போட்ட அதே பைடன்.

இப்போது அந்தத் தம்பிக்கு. 2023-இல் நம் உச்ச நீதிமன்றத்தில் சுப்ரியோ வழக்கு நடந்தபோது, மனுதாரர்களின் கோரிக்கை நகரத்து மேட்டுக்குடியினரின் பார்வை என்று மத்திய அரசு எழுதிக் கொடுத்தது. நீங்கள் சொன்னதேதான், தம்பி. இன்னொருவர் கோப்பில் அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தலித் திருநங்கையான கிரேஸ் பானு இத்தனை ஆண்டுகளாகக் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்டுத் தெருவில் நிற்கிறாரே, அவர் எந்த மேட்டுக்குடி? அக்டோபர் 17 அன்று திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்று ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள். நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். 2024 தேர்தல் அறிக்கையில் காங்கிரஸ் இணையர் அங்கீகாரத்துக்குச் சட்டம் கொண்டுவருவதாகச் சொன்னது, "விரிவான கலந்தாலோசனைக்குப் பிறகு". கிளிண்டனையும் ஒபாமாவையும் படித்த பிறகு அந்த மூன்று சொற்களை நான் இரண்டு முறை வாசித்தேன்.

அந்தத் தங்கைக்கும் ஒன்று. சுப்ரியோ வழக்கோடு வந்த மனுக்களில் சிறப்புத் திருமணச் சட்டத்தின் முப்பது நாள் நோட்டீஸ் விதியும் கேள்விக்கு உள்ளாக்கப்பட்டிருந்தது. சாதி மாறி மணக்கிறவர்களின் பெயரையும் முகவரியையும் பதிவாளர் அலுவலகப் பலகையில் ஒட்டிவைக்கும் விதி. அதைப் பார்த்துவிட்டு அரிவாளோடு வருகிறவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அந்த விதியும் சட்டப்புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லிக் கேட்டவர்களைத்தான் நம் பிரச்சினைக்குச் சம்பந்தமில்லாதவர்கள் என்கிறோம்.

ரஸ்டின் 1987-இல் இறந்தார். 2013 நவம்பரில் அவருக்கு நாட்டின் உயரிய குடிமக்கள் பதக்கத்தை ஒபாமா வழங்கினார். வெள்ளை மாளிகை மேடையில் ஏறி அதை வாங்கியவர் வால்டர் நேகல். அங்கே அவரை யாரும் மகன் என்று அழைக்கவில்லை.